முகில்தங்கி மலையும் உப்பில்லாக் கூழும்

அலை அடிக்கக் கடல் யாரிடமும் உத்தரவு கேட்காத காலம். மலையெல்லாம் தங்களுக்கே சொந்தம் என்று ராஜாக்கள் மட்டும் நம்பிக்கொண்டிருந்த காலம். அந்தக் காலத்தில் வல்லபராயன் என்று ஒரு ராஜா இருந்தான். நல்ல ராஜாவின் கதை கேட்கலாம் என்று வந்து உட்கார்ந்தவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். இது அந்தக் கதை இல்லை.

அவன் நாட்டுக்குக் கிழக்கே கடல், மேற்கே மலை. மலைக்கு முகில்தங்கி என்று பெயர். கடலிலிருந்து கிளம்பிய மேகம் காற்றோடு வரும். வயல்களைத் தாண்டும், ஊர்களைத் தாண்டும், கடைசியில் அந்த மலையில் போய் முட்டும். அங்கே காடு அடர்ந்து கிடந்தது. பட்டப்பகலிலும் உள்ளே குளிரும். மலை மேல் ஏறி வந்த மேகம் அந்தக் குளிரில் தங்கும், கனக்கும், கொட்டும்.

கொட்டியது ஓடையாக இறங்கி, மலையடியில் பெருங்குளத்தை நிரப்பும். குளத்திலிருந்து வயலுக்குப் பாயும். மிச்சம் கடலுக்கே போய்ச் சேரும். கடலில் சேர்ந்ததை வெயில் மறுபடி மேலே தூக்கும். குளத்திலிருந்தும் கொஞ்சம் ஏறும், காட்டு மரங்களின் இலையிலிருந்தும் கொஞ்சம் ஏறும். போனது வரும், வந்தது போகும். நாட்டில் ஒருவரும் இதைப் பற்றி யோசித்ததில்லை. மூச்சு விடுவதைப் பற்றி யார் யோசிக்கிறார்கள்?

வல்லபராயனுக்கோ அந்தக் காட்டைப் பார்க்கும்போதெல்லாம் கை அரித்தது.

முதல் வருஷம், அரண்மனை கட்ட மரம் வேண்டும் என்றான். ஏழு அடுக்கு அரண்மனை. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கு ஏழு அடுக்கு எதற்கு என்று கேட்க ஆளில்லை. கீழ்ச்சரிவு மொட்டையானது.

இரண்டாம் வருஷம், கப்பல்காரர்கள் பாய்மரத்துக்கு மரம் கேட்டு வந்து பொன்னைக் கொட்டினார்கள். மேல்சரிவும் போனது.

மூன்றாம் வருஷம், மிஞ்சிக் கிடந்த புதரைக் கொளுத்தினான். மலையைச் சுரண்டி மண் எடுத்துப் பெருங்குளத்தைத் தூர்த்தான். எதற்கென்று கேளுங்கள். அவனுடைய குதிரைகள் ஓடி விளையாட! ஊர் குடிக்கிற குளத்தை மூடிக் குதிரைக்கு மைதானம் போட்ட அநியாயத்தை நீங்கள் எங்காவது கேட்டதுண்டா? சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது.

அதற்கப்புறம் மேகம் வராமல் இல்லை. வந்தது. கறுத்துத் திரண்டு, ஜனங்கள் துணியை எடுத்து உள்ளே போடும்படி ஆசை காட்டிக்கொண்டு வந்தது. மொட்டைப் பாறையிலிருந்து எழும்பிய அனல் பட்டதும் கலைந்தது. கலைந்த மேகம் மலையைத் தாண்டி அடுத்த ராஜாவின் நாட்டுக்குப் போனது. அங்கே காடு இருந்தது. அங்கே பெய்தது.

மழை பொய்த்தால் மழைச்சோறு எடுப்பது அந்த நாட்டு வழக்கம். பெண்கள் வீடு வீடாகப் போய் மாவு வாங்கி வருவார்கள். பொது இடத்தில் பெரிய பானை ஏற்றி, உப்பே போடாமல் கூழ் காய்ச்சுவார்கள். எல்லோரும் அதைக் குடித்துவிட்டு ஒப்பாரி வைப்பார்கள். எங்கள் பிழைப்பு எப்படிச் சப்பென்று போய்விட்டது பார் என்று வானத்துக்குக் காட்டுகிற வழக்கம் அது. யாருக்கும் கெடுதல் இல்லாத வழக்கம்.

அதற்கு ஒரு வாலை ஒட்டவைத்தார் ராஜாவின் சபைப் பண்டிதர் ஆதித்தநம்பி. ஜனங்கள் மொட்டை மலையைக் காட்டி முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று ராஜா பயந்ததும், பண்டிதர் ஏட்டைப் புரட்டுவதுபோலப் புரட்டி, "மழை சும்மா நிற்காது. யாரோ மறிக்கிறார்கள். மறித்தவரைக் கண்டுபிடித்து வெளியேற்றினால் பெய்யும்" என்றார். பெயர் சொல்லப்பட்டவர் கையில் ஒரு வெறும்பானையைக் கொடுத்து, வடக்கு எல்லைக்கல்லைத் தாண்டி விட்டுவிடுவது என்று முடிவானது. அந்தக் கல்லுக்கு அப்பால் தேரி. கண்ணுக்கெட்டிய தூரம் செம்மணல். கிணறு கிடையாது.

மழை பொய்த்த முதல் வருஷம் பண்டிதர் சுடலைமுத்து வேளார் பெயரைச் சொன்னார். பானை சுடுகிறவர். சூளைப் புகை மேகத்தை விரட்டுகிறதாம். வேளார் தன் கையால் வனைந்த பானையையே சுமந்துகொண்டு போனார். ஆடு மேய்ப்பவர்கள் சில நாள் கழித்து அவரைத் தேரியில் பார்த்தார்கள். உயிர் இல்லை. பானை உடையாமல் பக்கத்தில் இருந்தது. மழை பெய்யவில்லை.

இரண்டாம் வருஷம் மாடக்கண்ணு பெயரைச் சொன்னார். மேளக்காரன். மேளச் சத்தத்தில் மேகம் மிரண்டு ஓடுகிறதாம். மாடக்கண்ணுவும் போனான். அவனை உயிரோடும் பார்க்கவில்லை, பிணமாகவும் பார்க்கவில்லை. மழை பெய்யவில்லை.

மூன்றாம் வருஷம் வெயிலுகந்தாள் பெயரைச் சொன்னார்.

வெயிலுகந்தாள் கடற்கரையில் உப்பு விளைவிக்கிறவள். புருஷன் சங்கிலிக்கு ஒரு கால் விளங்காது. பாத்தி கட்டுவதும் உப்பு வாருவதும் அவள்தான். காவலர்கள் வந்து பெயரைச் சொன்னபோது அவள் கையில் உப்பு வாரும் பலகை இருந்தது. அதைக் கீழே போடக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

அன்று முழுக்க அவளுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. ராஜாமேல் ஆத்திரம். பண்டிதர்மேல் ஆத்திரம். எல்லாவற்றையும்விடத் தன்மேல் ஆத்திரம். வேளாரிடம்தான் அவள் வருஷா வருஷம் பானை வாங்கினாள். அவரை எல்லைக்கு இழுத்துப் போன அன்றைக்கு இவளும் கூழைக் குடித்துவிட்டு, கூட்டத்தோடு போய், கூட்டத்தோடு திரும்பி வந்தாள். மாடக்கண்ணு போன அன்றைக்கு, நம் பெயர் வரவில்லையே என்று பெருமூச்சு விட்டாள். இப்போது யாருடைய பெருமூச்சோ தன்மேல் படுவது அவளுக்குத் தெரிந்தது.

"நான் போகுதேன்ட்டி. காலு விளங்காதவன் போனா என்ன, இருந்தா என்ன? ஒனக்குப் பதிலா என்னை எடுத்துக்கிடச் சொல்லு" என்றான் சங்கிலி.

"யாரும் போவ வேண்டாம். நாம என்ன தப்புப் பண்ணுனோம்?" என்றாள் அவள். சொன்னாளே தவிர, பயம் போகவில்லை. வேளாரும் ஒரு தப்பும் பண்ணவில்லை.

மறுநாள் காலையில் குதிரை மைதானத்தில் கூட்டம் கூடியது. முன்பு பெருங்குளம் இருந்த அதே இடம். நடுவில் மூன்று கல் அடுப்பில் பெரிய பானை கொதித்தது. பானையைத் தட்டால் மூடி, தட்டு சூடாகாமலிருக்க அதன்மேல் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். ஒரு ஓரத்தில் பந்தல். பந்தலில் ராஜா. ராஜாவுக்குப் பின்னால் தனியாக ஒரு அடுப்பு, அதில் தோசைக்கல். ஊருக்குத்தான் உப்பில்லாக் கூழ். ராஜாவுக்கு உப்பும் மிளகாயும் இஞ்சியும் போட்ட அடை!

பண்டிதர் எழுந்தார். "இவள் பெயர் வெயிலுகந்தாள். வெயிலை உகந்தவள் என்று பெற்றவர்களே சொல்லிவிட்டார்கள். மழை பெய்தால் இவள் உப்பு கரையும். ஆகவே மழை வேண்டாம் என்று அனுதினமும் வேண்டுகிறாள். அது மட்டுமா? கடல் தண்ணீரைப் பாத்தியில் அடைத்து, தண்ணீரை மாயமாக்கி, உப்பை மட்டும் காட்டுகிறாள். தண்ணீர் எங்கே போயிற்று? நாட்டின் தண்ணீரைத் திருடியவள் இவளே."

கூட்டத்தில் சிலர் தலையாட்டினார்கள். அதைப் பார்த்ததும்தான் வெயிலுகந்தாளுக்குப் பயம் போய்ச் சூடு ஏறியது.

"சாமி, திருடுனவ வீட்டுல திருட்டுப் பொருள் இருக்கணும்லா? என் வீட்டுல ஒரு கொடம் நல்ல தண்ணி இருந்தா எடுத்துட்டு வரச் சொல்லுங்க" என்றாள். "ஆமா, பாத்தியில தண்ணி வத்துது. வெயிலு அதை மேல இழுக்கு. மேல போனதுதான மேகமாத் திரும்பி வருது? எங்க தலைக்கு மேலதான உங்க மலைக்குப் போவுது? கடலு அனுப்புது. காத்து கொண்டாந்து கொடுக்கு. வந்ததை நீங்க என்ன பண்ணுனீய? அதைச் சொல்லுங்க மொதல்ல!"

"மேகம் இருக்கிறது, மழைதான் இல்லை. அதைத்தான் நீ மறித்தாய் என்கிறோம்" என்றார் பண்டிதர்.

வெயிலுகந்தாள் சுற்றிலும் பார்த்தாள். கொதிக்கிற பானையைப் பார்த்தாள். பந்தலுக்குப் பின்னாலிருந்து அடை வாசனை வந்தது. அவள் விறுவிறுவென்று பந்தலுக்குப் போய், சமையல்காரன் தடுப்பதற்குள், முந்தானையைச் சுருட்டிப் பிடித்துத் தோசைக்கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ராஜாவின் அடை மண்ணில் விழுந்தது.

கல்லை அடுப்போரம் வைத்துவிட்டு, முதலில் பானை மேலிருந்த தட்டை எடுத்து, அதன்மேல் நின்ற தண்ணீரைப் பானைக்குள் சாய்த்துவிட்டுத் திருப்பினாள். அடிப்பக்கமெல்லாம் முத்து முத்தாகத் தண்ணீர். சாய்த்ததும் சொட்டியது.

"இது குளுந்த தட்டு. ஆவி வந்து முட்டுச்சு, தண்ணியாச்சு, சொட்டுது. எல்லாரும் பாத்தீயளா?"

அப்புறம் அதே ஆவிக்கு மேலே தோசைக்கல்லைப் பிடித்தாள். ஆவி கல்லில் முட்டியது. ஓரமாக ஒதுங்கி மேலே போய்விட்டது. ஒரு சொட்டு இல்லை. பிடித்துக்கொண்டே நின்றாள். கை வெந்தது. ஒரு சொட்டு இல்லை.

"ஆவி அதேதான், அடுப்பு அதேதான். இந்தக் கல்லுதான் கொதிக்கு. காடு இருக்கையில முகில்தங்கி அந்தத் தட்டு மாதிரி குளுந்து கெடந்துச்சு. இப்ப அது தோசைக்கல்லு. அதைத் தோசைக்கல்லு ஆக்குனது நானா?"

தலையாட்டியவர்கள் தரையைப் பார்த்தார்கள். பண்டிதர் ராஜாவைப் பார்த்தார்.

"மலையும் தோசைக்கல்லும் ஒன்றா? அடி கோமாளி!" என்று ராஜா சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"செருப்பைக் கழத்திப் போட்டுட்டு மலையில ஏறிப் பாருங்க மகாராசா. பொறவு சொல்லுங்க" என்றாள் வெயிலுகந்தாள்.

நியாயம் புரிந்தால் பெரிய மனிதர்கள் திருந்திவிடுவார்கள் என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருந்தால், அவர்கள் பெரிய மனிதர்களைப் பார்த்ததில்லை. வல்லபராயனுக்கு நன்றாகப் புரிந்தது. புரிந்ததால்தான் கோபம் வந்தது. "பானையைக் கொடுத்து இவளை இழுத்துப் போங்கள்!" என்று கத்தினான்.

காவலர்கள் அவள் வெந்த கையில் வெறும்பானையைத் திணித்தார்கள். வடக்கே நடத்தினார்கள். ஊர் பின்னால் நடந்தது. எல்லைக்கல் வரை போய், வெளியேறுகிறவர் கல்லைத் தாண்டியதும், முதுகைக் காட்டித் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். பண்டிதர் விதித்த முறை அது.

வெயிலுகந்தாள் கல்லைத் தாண்டினாள். செம்மணல் காலைச் சுட்டது. பின்னால் எல்லோரும் திரும்பும் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். அந்தச் சத்தம் கேட்கவில்லை. பக்கத்தில் யாரோ வந்து நின்றார்கள்.

வேளாரின் பெண்டாட்டி ஆவுடையாள். இடுப்பில் ஒரு குடம் தண்ணீர்.

"எங்க வீட்டு மனுசர் போவும்போது ஒருத்தரும் கூட வரலை. நானும் வரலை. பயந்துட்டேன். இன்னிக்கு வாரேன், நட தாயி" என்றாள்.

அவளுக்குப் பின்னால் சங்கிலி, கம்பை ஊன்றிக்கொண்டு கல்லைத் தாண்டினான். "இவ போயிட்டா எனக்குக் கூழு யாரு காச்சுவா?" என்றான். அழுகையும் சிரிப்புமாக யாரோ குரல் விட்டார்கள். அடுத்து ஒரு மீனவப் பெண் குழந்தையோடு தாண்டினாள். அடுத்து உழவர்கள். ஆட்டைப் பிடித்துக்கொண்டு இடையர்கள். கொதித்த கூழ்ப்பானையைக் கம்பில் கட்டி இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். காவலர்கள் ஈட்டியை நீட்டினார்கள். நீட்டிய ஈட்டிக்கு எதிரே அவர்களைப் பெற்றவர்கள் நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் ஈட்டிகள் மணலில் கிடந்தன, காவலர்களும் கல்லுக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள்.

தேரி ஒற்றை ஆளைக் கொல்லும். தண்ணீர் சுமக்கவும் தோள் கொடுக்கவும் ஆள் இருந்தால் தேரியைத் தாண்டிவிடலாம். வேளாரைக் கொன்றது மணல் இல்லை, அவரைத் தனியாக விட்டதுதான். இதை நினைத்து நடந்தவர்கள் பலரும் அன்று வாய்விட்டு அழுதார்கள்.

ராஜாவுக்குச் செய்தி போனது. ஏழு அடுக்கு அரண்மனையில் அடுப்பு மூட்ட ஆளில்லை. குதிரைகளுக்குத் தண்ணீர் காட்ட ஆளில்லை. வரி வாங்க ஒரு குடி இல்லாத ராஜாவுக்கு என்ன பெயர் என்று அவனுக்கே தெரியவில்லை. பண்டிதரையும் ஏற்றிக்கொண்டு குதிரையில் துரத்தி வந்தான்.

"நில்லுங்கள்! பண்டிதர் தப்பாகச் சொல்லிவிட்டார். எல்லாம் இவர் குற்றம். திரும்பி வாருங்கள்" என்றான். பண்டிதர் வாயைப் பிளந்தார். ஜனங்கள் நடந்துகொண்டே இருந்தார்கள்.

கொஞ்ச தூரம் வந்து மறுபடி கத்தினான். "காலம் கெட்டுவிட்டது. கிரகம் சரியில்லை. மனிதர் கையில் என்ன இருக்கிறது? திரும்பி வாருங்கள்." ஜனங்கள் நடந்துகொண்டே இருந்தார்கள்.

மணல் ஆழமானது. குதிரை புதைந்து நின்றுவிட்டது. ராஜா இறங்கி ஓடினான். சரிகைச் செருப்பு மணலுக்குள் மாட்டிக் கழன்றுகொண்டது. வெறுங்கால் செம்மணலில் பட்டதும் துள்ளினான். ஒரு காலை ஊன்றி மறு காலைத் தூக்கினான், அதை ஊன்றி இதைத் தூக்கினான். நிழலுக்கு ஒரு மரம் தேடினான். எங்கே இருக்கும்?

வெயிலுகந்தாள் திரும்பி வந்து அவன் எதிரே நின்றாள். "மழையை மறிச்சது யாரு மகாராசா?" என்று கேட்டாள்.

"நான்தான்" என்றான் வல்லபராயன்.

"எல்லாருக்கும் கேக்கணும்."

"நான்தான்! மழையை மறித்தவன் நான்தான்!"

அவள் தன் கையிலிருந்த வெறும்பானையை அவன் கையில் கொடுத்தாள். அவனைத் தேரிக்குள் விரட்டவில்லை. இன்னொருவரைத் தனியாகச் சாக விட அந்த ஜனங்களுக்கு மனசு வரவில்லை. அவன் அவர்களைப் போன்றவன் இல்லை, அவர்களும் அவனைப் போன்றவர்கள் இல்லை. "இதுல தண்ணி சொமந்து மலையில ஊத்துங்க. கன்னு நாங்க நடுதோம்" என்றாள்.

எல்லோரும் ஊருக்குத் திரும்பினார்கள். குளத்தைத் தூர்த்த மண்ணைக் குதிரைகள் வாரி இழுத்தன. பெருங்குளம் மறுபடி பள்ளமானது. கடற்கரை ஊற்றில் கசிந்த தண்ணீரைச் சுமந்து கன்றுகளுக்கு ஊற்றினார்கள். ராஜாவும் சுமந்தான். பண்டிதரும் சுமந்தார், முனகிக்கொண்டே. தேரியில் வழிப்போக்கர்கள் கைகொடுத்ததால் தப்பி, அடுத்த நாட்டில் பிழைத்துக் கிடந்த மாடக்கண்ணுவுக்கு ஆளனுப்பிக் கூட்டி வந்தார்கள். மலைக்கு அந்தப் பக்கம் நம் மேகம் எப்படிப் பெய்கிறது என்று அவன் சொல்லச் சொல்லக் கேட்டவர்கள் பல்லைக் கடித்தார்கள்.

உடனே மழை கொட்டியது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். கொட்டவில்லை. காட்டை அழிக்க ஒரு பேராசை போதும். வளர்க்க எத்தனை முதுகு வளைய வேண்டும்! முதலில் புல் வந்தது. பிறகு புதர் வந்தது. பிறகு விடியற்காலையில் மலையிடுக்கில் மெல்லிய பனிமூட்டம் நின்றது. கன்றுகள் ஆள் உயரம் தாண்டி, நிழல் ஒன்றோடொன்று சேர்ந்து, பாறை குளிர்ந்தது. ராஜாவின் தலை நரைத்துப் போன பிறகு ஒரு பிற்பகலில், கிழக்கிலிருந்து வந்த மேகம் முகில்தங்கியில் முட்டியது. கலையவில்லை. நின்றது.

மழை மலையில் தொடங்கி, ஊர்களை நனைத்துக்கொண்டு, கடற்கரை வரை வந்தது. வெயிலுகந்தாளின் உப்பளத்தில் வாரிக் குவித்து வைத்திருந்த உப்பெல்லாம் கண்ணெதிரே கரைந்து ஓடியது. "அட, ரெண்டு நா கழிச்சு வந்தா ஒனக்குக் கொறஞ்சா போயிரும்?" என்று மழையைப் பார்த்து வாய்க்கு வந்தபடி திட்டினாள். திட்டிக்கொண்டே நனைந்தாள். நனைந்துகொண்டே பெருங்குளத்தைப் பார்க்க ஓடினாள்.

குளக்கரையில் ஊரே நின்றது. பண்டிதர் ஆதித்தநம்பி, எங்கிருந்துதான் அவருக்கு அந்தக் குரல் திரும்பி வந்ததோ, இரண்டு கையையும் உயர்த்தி, "மன்னர் புண்ணியத்தால் மழை! மழை தந்த மன்னர் வாழ்க!" என்று பாட ஆரம்பித்தார். சிலர் கூடச் சேர்ந்து வாழ்க என்றார்கள். ஆம், சொன்னார்கள். ஜனங்களுக்கு மறதி அவ்வளவு சுலபமாக வருகிறது.

ஆவுடையாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ராஜாவின் முன்னால் வந்தாள். கிழவியாகிவிட்டிருந்தாள். தலையிலிருந்து மழைத்தண்ணீர் வழிந்தது.

"மழை வந்துட்டு மகாராசா" என்றாள். "எங்க வீட்டு மனுசர் வரலியே?"

பண்டிதரின் கை தானாகக் கீழே இறங்கியது. வாழ்க என்றவர்கள் வாயை மூடினார்கள். எத்தனை பானை சுமந்தாலும், எத்தனை மழை பெய்தாலும், அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. அவள் பதிலுக்காக வெகுநேரம் மழையில் நின்றுவிட்டு வீட்டுக்குப் போனாள்.

பெரியவர்களே, சின்னவர்களே, இந்தக் கதையின் நீதி இதுதான்: மழையை அழித்தவனைப் பந்தலில் உட்காரவைத்துவிட்டு மழையில்லாமல் வாடுகிறவர்மேல் பழி போடுவது பெரும்பாவம், அதைப் பார்த்துக்கொண்டு வாயை மூடியிருப்பதும் அதே பாவம்தான்.